கடைசிவரை உடனிருந்தவர்

எழுத்து அண்ணன் முகத்தில் நிற்க மாட்டேன் என்றது.

அப்பாவின் நினைவு வீடியோவில் தன் தலைக்கு மேலே ‘கடைசிவரை உடனிருந்தவர்’ என்று டைட்டில் போடச் சொல்லியிருந்தான் அண்ணன். அப்பா படுக்கையில் கிடந்த இரண்டு வருஷத்தில் அவன் எட்டிப் பார்த்தது ஒரே ஒரு தடவை. அதையும் வீடியோ எடுக்கச் சொன்னவன். பீ மூத்திரம் அள்ளியவள் தங்கை இவள், பேர் வாங்குகிறவன் அவன். வயிறு எரிந்தது. ஆனாலும் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறவளுக்கு ஒரு டைட்டில் போடுவதா கஷ்டம்? அந்த வீடியோவில் அண்ணன் முகத்தைச் சுற்றிக் கட்டம் போட்டு, முகம் போகும் இடமெல்லாம் எழுத்தும் போகும்படி செய்து ஓடவிட்டாள்.

எழுத்து அவனை விட்டு நழுவி, கட்டிலைத் தாண்டி, அப்பாவின் தலைமாட்டில் போய் நின்றது. அங்கே வெறும் சுவர்.

அண்ணன் போன் செய்தான். “ஒரு டைட்டில் போட இவ்வளவு நேரமா?”

“ஒட்ட மாட்டேங்குதுண்ணா.”

“எல்லாம் உன் வயித்தெரிச்சல்,” என்று வைத்துவிட்டான்.

சரி, உண்மையையே போடுவோம் என்று வீம்பு வந்தது. டாக்டரிடம் காட்ட ஸ்டாண்டில் வைத்து எடுத்த இன்னொரு வீடியோவைத் திறந்தாள். அதில் அப்பாவைத் தாங்கிப் பிடித்து மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். தன் முகத்தைச் சுற்றிக் கட்டம் போட்டு அதே டைட்டிலை ஒட்டினாள். வெளியே மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. கட்டிலை விற்ற பிறகும் போகாத மருந்து நெடி அறைக்குள் மெல்லக் கனத்துக்கொண்டே வந்தது. திரையில் எழுத்து அவளையும் விட்டு நழுவி, அவள் முதுகுக்குப் பின்னால் நின்றது. அவள் குனிந்தபோது அதுவும் குனிந்தது.

அப்பா அதைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். எப்போதும் அவள் தோளுக்கு மேலே பார்த்துத்தான் சிரிப்பார். வாசலில் மகனைத் தேடுகிறார் என்று எத்தனை நாள் அழுதிருக்கிறாள்.

ஆளில்லாத வீடியோ ஒன்று வேண்டும். கட்டிலை விற்பதற்காக, அப்பா போன பிறகு எடுத்தது. அதிலும் அதே டைட்டிலைப் போட்டு ஓடவிட்டாள். கட்டிலுக்கு மேலே எழுத்து இல்லை. அப்பாடா.

ஓரத்திலிருந்து அவள் வந்தாள், மெத்தையைச் சுருட்ட. எழுத்தும் வந்தது. பின்னாலேயே. ஜன்னலுக்குப் போனாள். வந்தது. திரும்பினாள். திரும்பியது.

வீடியோ முடிந்தது. திரை கறுத்தது. கறுப்பில் அவள் முகம் மங்கலாக.

எழுத்து போகவில்லை. அவள் காதருகே நின்றது.

நெற்றியில் விழுந்திருந்த முடியை ஈரமான விரல் ஒன்று மெல்ல ஒதுக்கிவிட்டது.