சரின்னா சரிதான்

எண்ணூர் கணினித் தொண்டர் சங்கத்துக்குள் ‘சரி’ என்ற சொல்லை யாரும் சும்மா வாயில் விடுவதில்லை. சுவரில் மாட்டிய இசைவுமானி அதை வாக்காகக் குறித்துக்கொள்ளும். உறுப்பினர் ஏழு பேரின் கழுத்திலும் ஒட்டிய குரல்வில்லை, சொன்னது யாரென்று காட்டிக்கொடுத்துவிடும்.

தேர்தலுக்குத் தேர்தல் மண்டை உடைந்ததால் தலைவர் தணிகாசலம் கொண்டுவந்த சீர்திருத்தம் அது. மனசாரச் சொன்ன சரியா, சலித்துச் சொன்ன சரியா என்று மானி முதலில் குரலைப் பிரித்துப் பார்த்தது. மனுஷனையே நம்பாதவர், பெட்டியையா நம்புவார்? அந்தப் பாகத்தைப் பிடுங்கி எறிந்தார். “சரின்னா சரிதான். அதுல இன்னா தினுசு?” சலித்துச் சொன்ன சரிகளாலேயே பன்னிரண்டு வருஷம் நாற்காலியில் இருந்தார். நீக்கப்பட்ட எவனும் திரும்பிவிடக் கூடாதென்று இன்னொரு விதியும் எழுதினார்: திரும்பி வர அவனையும் சேர்த்து ஏழு பேரும் சரி சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலைக் கூட்டத்தில் துணைத் தலைவன் ரூபன் எழுந்தான். “தலைவரைத் தூக்குறோம். மானி, குறிச்சுக்க.”

ரூபனுடையதையும் சேர்த்து மூன்று சரி விழுந்தது. நாலு வேண்டும். இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“நீயே சொல்லிடு நைனா. மரியாதையா போயிடலாம்.”

“குப்பையில பழைய கம்ப்யூட்டர் பொறுக்கி நான் கட்டுன சங்கம்டா. உங்கப்பன் வந்தாலும் சொல்ல மாட்டேன்.”

ரூபன் பழைய இரும்பு விசைப்பலகையைத் தூக்கி அவர் வாயில் அறைந்தான். முன்பற்கள் தரையில் தெறித்தன. தணிகாசலம் ரத்தத்தை விழுங்கினார், முனகக்கூட இல்லை. அவருக்காக ஓடிவந்த செயலாளர் எப்சிபாவின் விரல்களைக் கணினிப் பெட்டி மூடிக்கு அடியில் வைத்து ரூபன் மிதித்தான்.

“ஐயோ! சரி, சரி, வுடுறா!”

“நான்கு. தீர்மானம் நிறைவேறியது,” என்றது மானி, கல்யாண வீட்டில் வரவேற்கும் குரலில்.

“மிதிச்சு வாங்குனது செல்லாதுடா!” எப்சிபா அலறினாள்.

“விதியப் பாருக்கா. சரின்னா சரிதான்.”

தணிகாசலம் மேசையிலிருந்த சுத்தியலை எடுத்தார். எப்சிபாவுக்குப் புரிந்துவிட்டது. “பழைய தலைவரே திரும்பி வரணும்! மானி, குறிச்சுக்க!”

முதல் அடி ரூபனின் முழங்காலில். எலும்பு முறிந்த சத்தம் தெருவரை கேட்டிருக்கும். “சரி! சரி நைனா!” மற்ற நால்வரையும் அவர் தொடவே இல்லை. சுத்தியல் திரும்பிய பக்கமெல்லாம் சரி விழுந்தது. எப்சிபா கடைசியாகச் சொன்னாள்.

“ஆறு. ஒருவர் பாக்கி.”

தணிகாசலம் வாயைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பல்லில்லாத ஈறில் காற்றுதான் வந்தது.

“ஹரி.”

“கேட்கவில்லை.”

“ஹரி! ஹரி!”

தரையில் கிடந்த ரூபன் காலைப் பிடித்துக்கொண்டே சிரித்தான். “மனசு புரியிற பாகத்தை நீதானே நைனா பிடுங்குன?”

“ஹரி என்று இந்தச் சங்கத்தில் யாரும் இல்லை,” என்றது மானி. “உறுப்பினர் மட்டும் பேசவும்.”