இடப்புறப் பள்ளம்

ஞானதாஸ் காலையில் தட்டிச் சமன் செய்துவிட்டுப் போன இலவம்பஞ்சு மெத்தையில், கல்லூரியிலிருந்து திரும்பியபோது, இடப்புறம் மறுபடி பள்ளம் விழுந்திருந்தது.

அவன் பயப்படவில்லை. அது ஷாரோன் படுத்த பக்கம். இறந்தவர் படுத்த மெத்தையை ஏரிக்கரையில் போட்டுவிடுவது ஊர் வழக்கம். அவளை அடக்கம் செய்த அன்று அம்மா போட்டுவிட்டாள். இருட்டியதும் இவன் பைக்கில் கட்டித் திரும்பக் கொண்டுவந்தான். மனைவியின் உடல் பதிந்த இடம் வேறெதுவும் அவனிடம் இல்லை. தினமும் அதில் கன்னம் வைத்தே தூங்கினான்.

மடிக்கணினியில் நாளை அவன் எடுக்க வேண்டிய வகுப்புக்கான படம். விண்மீன் மண்டலங்களின் கூட்டம் ஒன்று. நடுவிலிருந்த பெரிய மண்டலம் எதிரெதிர்த் திசைகளில் ரேடியோ தாரைகளைப் பீய்ச்சி, சுற்றியிருந்த சூடான வாயுவில் இருபுறமும் பள்ளம் பறித்திருந்தது. தாரை அணைந்து, ரேடியோ ஒளி மங்கிய பிறகும் பள்ளம் நிற்கும். ‘பள்ளங்கள், பெரும்பாலும் இரண்டாக’ என்று எழுதினான்.

வாசலில் அம்மா சிட்டம்மாள். தூக்குவாளியை நீட்டினாள். உள்ளே வரவில்லை.

“அத்த இன்னும் வச்சிக்கினு கீறியா?”

“ஷாரோனோடதும்மா.”

“இன்னாத்த கண்ட? குடிச்சிட்டு, வாயில பீடியோட ஏரில வுழுந்து செத்தானே செங்கேணி, அவன் மெத்தையும் அன்னிக்கு அங்கதான் கெடந்துச்சாம். நேத்துதான் அவன் பொண்டாட்டி சொன்னா. அதே கடை, அதே நீலக் கோடு. படிச்ச புள்ள, ஒரு டார்ச்சு எட்த்துக்கினு போவல நீ.”

அவள் போனதும் மழை பிடித்தது. மின்சாரம் போனது. விசிறி முனகி நின்றது. ஏரிப் பக்கமிருந்து தவளைச் சத்தமும் சேற்று வாடையும் ஜன்னல் வழியே ஏறி, காயாத துணிகளின் புழுக்கத்தோடு கலந்து அறையை நிறைத்தன. மெத்தை யாருடையது என்று வாசம் பார்த்தால் தெரிந்துவிடும். ஷாரோனுடையதாகத்தான் இருக்க வேண்டும். மெத்தையின் நடுவில் மல்லாந்து படுத்தான்.

வலப்புறம் பஞ்சு நெரிந்தது.

மெல்ல. யாரோ உட்காருவதுபோல். பிறகு, படுப்பதுபோல்.

பவுடர் வாசம். ஷாரோனுடைய பவுடர்.

வலப்புறம்.

அவள் பக்கம் திரும்ப முயன்றான்.

இடப்புறப் பள்ளத்திலிருந்து ஈரமான கை ஒன்று நீண்டது. தினமும் பழகிய உரிமையோடு அவன் கன்னத்தைப் பிடித்து, தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டது.

பீடி நாற்றம்.