இரண்டாம் இயந்திரத்தின் முள்

ஹவுன்ஸ்லோவில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே நாற்றம் பாலேந்திராவைப் பிடித்துக்கொண்டது. மேற்கு லண்டன் வீடுகள் கழித்துத் தள்ளுவதெல்லாம் வந்து சேரும் கழிவுநீர் நிலையம் அது. ஒரு வாரம் வேலை செய்தால் மூக்கு பழகிவிடும் என்பார்கள். அவனுக்கும் ஒன்பது வருடமாகப் பழகித்தான் இருந்தது. கூட வேலை செய்த கஸ்பர் செத்த பிறகு அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று. ஆறு வாரமாகச் சோற்றிலும் அந்த நாற்றம், தலையணையிலும் அதே நாற்றம்.

1993 நவம்பர். பகல் இரண்டு மணிக்கே வானம் கழுவாத சட்டி போலக் கிடந்தது.

மேலாளர் வாசலிலேயே காத்து நின்றார். இரண்டாம் இயந்திரம் சுமையைச் சரியாக எடுக்கவில்லை, முள் ஆடிக்கொண்டே இருக்கிறது, மூன்று பேர் பார்த்தும் பிடிபடவில்லை என்றார். கஸ்பரோடு அதில் வேலை செய்தவன் நீதானே, அதன் குணம் உனக்குத்தான் தெரியும் என்று தோளில் கை வைத்தார். விபத்து அறிக்கையைத் தட்டச்சடித்து நீட்டிய கை அது. அதில் கையெழுத்துப் போட்ட கை அதைவிட அசிங்கம். அது பாலேந்திராவின் சொந்தக் கை; அவன் தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

கழிவு புளித்து எழும் வாயுவை எரித்து ஓடும் இரண்டு டர்பைன்கள் அங்கே மின்சாரம் கொடுத்தன. ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள் போல இரண்டும் சுமையைச் சரிபாதியாக இழுக்க வேண்டும். ஒன்றின் வேகம் கொஞ்சம் தளர்ந்தால் அதன் பங்கு மற்றதன் தலையில் விழும். அப்படி விழாமல் வேகத்தைப் பிடித்துவைப்பது கவர்னர் என்ற கருவி. எவ்வளவு சுமை யாரிடம் என்று காட்ட ஆளுக்கொரு முள்.

இரண்டாம் முள் விழுந்து எழுந்தது. விழுந்து எழுந்தது. விழுந்து எழுந்தது. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு மறுபடியும் தொடங்கியது.

மூன்று.

மற்றவர்களுக்கு அது வெறும் ஆட்டம். பாலேந்திரா எண்ணிக்கொண்டிருந்தான்.

டர்பைன் இரும்புப் பெட்டிக்குள் அடைபட்டு ஓடும். ஒருவன் உள்ளே போய்க் கவர்னரை முடுக்குவான். வெளியே ஒருவன் முள்ளைப் பார்த்து வேகக் குமிழைத் திருப்புவான். அந்த இரைச்சலில் கத்திப் பிரயோசனமில்லை. ஸ்பானரால் இரும்பில் தட்டும் முறையைக் கஸ்பர்தான் கொண்டுவந்தார். ஒரு தட்டு என்றால் கூட்டு. இரண்டு என்றால் குறை. மூன்று என்றால் கதவைத் திற. கதவின் உட்பக்கக் கைப்பிடி உடைந்து ஒரு வருடமாகியும் மேலாளர் அதை மாற்றவில்லை.

வாயு கசிந்து மூச்சடைத்துச் செத்த கஸ்பர் சொல்லாமல் உள்ளே போனார், தட்டவும் இல்லை என்றது அறிக்கை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். மாதா கோயில் பூசைக்கு வரும் சனமோ, மனுசன் வேண்டுமென்றே போய் வாயுவுக்குள் படுத்துவிட்டார் என்று குசுகுசுத்தது. அவர் மனைவி டொலறஸ் ஞாயிறுதோறும் தொலைபேசியில் ஒன்றைத்தான் கேட்டாள்.

"தம்பி, அவர் தட்டினவரோ?"

"இல்லை அக்கா."

ஆறு ஞாயிறு, ஆறு முறை. தன் பங்குச் சுமையைச் செத்தவன் தலையில் கட்டிவிட்டு, ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்தான்.

கைகள் பழக்கத்தில் வேலையைத் தொடங்கின. வேகம் அளக்கும் கருவியை மாற்றினான். இரண்டு கவர்னர்களையும் இணைக்கும் கம்பிகளைச் சோதித்தான். கவர்னர்களின் மின்னணு அட்டைகளை ஒன்றுக்கொன்று இடம் மாற்றிப் போட்டான். பழுது அட்டையில் என்றால் அது ஒன்றாம் இயந்திரத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

காற்று வடிகட்டியைத் திறந்தான். சாக்கடை ஈக்கள் இரண்டு விரல் தடிப்பில் ஈரமாய் அப்பிக் கிடந்தன. மூச்சை அடக்கி அள்ளினான். செத்தவை என்றுதான் நினைத்தான். சில, விரலிடுக்கில் நெளிந்து சட்டைக் கைக்குள் ஊர்ந்தன.

சீ!

வாளியில் வாந்தி எடுத்தான். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான் குடித்திருந்தான். வாயில் நின்றதோ மீன் கட்லெட்டின் சுவை.

முள் மூன்று தரம் விழுந்தது.

பொறுக்கமாட்டாமல் இரண்டாம் இயந்திரத்தை நிறுத்தினான். சுமை முழுவதும் ஒன்றாம் இயந்திரத்துக்குப் போயிற்று. வாயு வால்வை மூடி, மின் இணைப்பையும் துண்டித்தான். முள் பூச்சியத்தில் படுத்தது. அப்பாடா என்று மூச்சுவிட்டான்.

பூச்சியத்துக்குக் கீழே மூன்று தரம் இறங்கியது.

பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் தொலைபேசி இருந்தது. டொலறஸ் இருக்கும் கோலியர்ஸ் வுட் வீட்டு இலக்கத்தை விரல்களே சுழற்றின.

"அக்கா, நான் பாலேந்திரா."

"என்ன தம்பி, வேலையில இருந்தோ எடுக்கிறாய்?"

"அண்ணை தட்டினவர் அக்கா."

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினான்.

"மூண்டு தட்டு. வெளியில வரத்தான் தட்டினவர்."

"மாதாவே!" அழுகையும் ஆறுதலும் ஒன்றாய் வந்தன. "எனக்குத் தெரியும், அவர் சாகப் போனவரில்லை." பிறகு குரல் இறுகியது. "அப்ப நீ எங்க நிண்டனி?"

"தூரத்தில..."

முள் ஒரே ஒரு தரம் விழுந்தது.

கூட்டு.

"கதவடியில," என்றான். "சாப்பிட்டுக்கொண்டு நிண்டனான். முடிச்சிட்டுத் திறப்பம் எண்டு..."

"என்ன சாப்பிட்டனி?"

"கட்லெட்."

"நான் ரெண்டு பேருக்கும் எண்டு குடுத்துவிட்டதோ?"

"ஓம் அக்கா."

"அவரின்ர பங்கையுமோ?"

முள் விழுந்தது.

"ஓம்."

அவள் மூச்சு விடுவது கேட்டது. "மூண்டு மூண்டாய் எத்தினை தரம் தட்டினவர்?"

"ஒருக்கா."

கூட்டு.

"ரெண்டு தரம்."

கூட்டு.

தன்மேலேயே அருவருப்புப் பொங்க, நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டான். "ஏழு தரம் அக்கா. ஏழாவது மெதுவாத்தான் கேட்டது. அதுக்குப் பிறகுதான் கை துடைச்சனான்."

முள் பூச்சியத்தில் நின்றது. அவன் காத்திருந்தான். அசையவில்லை. ஆறு வாரத்தில் முதல் முறையாக நாற்றமும் விட்டிருந்தது. முகத்தைத் துடைத்தான். உள்ளங்கையில் எண்ணெய் பிசுபிசுத்தது.

அவனுக்கு முன்னால், நின்றுபோன இயந்திரத்தின் இரும்புக் கதவு பூட்டிக் கிடந்தது. அதன் உட்புறத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.

"ஆர் தம்பி," என்றாள் டொலறஸ், "அங்க தட்டுறது?"