பரிசீலனையில் இருக்கிறது

இனிமேல் தமிழ்நாட்டில் ஒளிந்துகொள்ள இருட்டே கிடையாது என்று அறிவித்தான் புதிதாகச் சேர்ந்த இளநிலை எழுத்தன் செபாஸ்டியன். தொண்ணூற்றேழாம் வருடம், அரசாங்கத்திடம் யாரும் தகவல் கேட்கலாம் என்று சட்டம் வந்திருந்த சமயம். அவன் அறிவிப்பைக் கேட்டவர்கள், ஆவடிப் பக்கத்து நில அலுவலகம் ஒன்றின் மூத்த எழுத்தர் வீரராகவனும் ஒரு மேஜை விசிறியும். விசிறி மட்டும் தலையாட்டியது.

வீரராகவன் எழுந்து, தினமும் சாயங்காலம் செய்வதைச் செய்தார். பழைய கோப்புகள் கிடக்கும் அறையின் கதவை ஒரு சாண் திறந்து, ஆளில்லாத இருட்டைப் பார்த்து, மரியாதையாக, "பரிசீலனையில் இருக்கு" என்றார். பூட்டினார். உள்ளே ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது, எழுந்து நின்ற ஒருவர் மறுபடி உட்கார்ந்ததுபோல.

"இன்னா அண்ணே, எலிக்கெல்லாம் பதில் சொல்றீங்க?" செபாஸ்டியன் சிரித்தான். "மனுசங்களுக்குச் சொல்ற அதே பொய்யி. எலியாச்சும் நம்புதா?"

"நம்புது. அதான் பிரச்சினை."

மறுநாள் மத்தியானம் நசரத்பேட்டையிலிருந்து வஹீதுன்னிசா வந்தார். அவர் மனுவில் ஒரே கேள்விதான். எண்பத்தாறில் பட்டா நகல் வாங்க இந்த அலுவலகத்துக்குள் போன தன் கணவர் ஜாபர் அலி வெளியே வந்தாரா?

"வாசல்ல நின்னுகினு இருந்தேன் தம்பி. உள்ள போனத என் கண்ணால பாத்தேன். ஓடிப்போயிட்டாருன்னு போலீசு எழுதிட்டாங்க. ஒரே வார்த்தை சொல்லுங்க. நான் துக்கத்துல உக்காரணுமா, சோறு எடுத்து வெச்சுகினு இருக்கணுமா?"

அவரை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வந்தான் செபாஸ்டியன்.

"ஆவணம் கிடைக்கலன்னு எழுதிடு" என்றார் வீரராகவன்.

"தேடாமயேவா?"

"தேடினா கிடைச்சிடுமே தம்பி."

செபாஸ்டியனுக்குச் சந்தேகம் தட்டியது. இந்த மனிதர் எதையோ செய்து மறைத்திருக்கிறார். இல்லாவிட்டால் அந்த அறைச் சாவியை ஏன் இடுப்பிலேயே வைத்திருக்கிறார்? அந்தக் கதவுக்கு முதுகைக் காட்டி ஒருநாள்கூட ஏன் உட்காருவதில்லை? சாவியைக் கேட்டான். மறுப்பார் என்று நினைத்தான். அவர் டார்ச்சையும் சேர்த்துக் கொடுத்தார். அதுதான் பிடிக்கவில்லை.

உள்ளே பகல் இல்லை. பூச்சி அரித்த காகிதத்தின் புளித்த வாடை, எப்போதோ சுவருக்குள் செத்த பல்லியின் வாடை, அவற்றுக்கெல்லாம் அடியில், இருக்கவே கூடாத மல்லிகை அத்தர்; பட்டாபிராம் பக்கம் போகும் மின்சார ரயிலின் இரைச்சல் அலமாரி அலமாரியாகத் தேய்ந்து, அவன் கடைசி வரிசையை அடைந்தபோது, யாரோ நெடுநேரமாக அடக்கிவைத்திருந்த மூச்சு போல மட்டும் மிஞ்சியது.

டார்ச் வெளிச்சத்தில் முழங்கால்கள்.

ஒரு வரிசை. பெஞ்சு முழுக்க.

மடியில் கைகள். அவற்றின்மேல் விரல் தடிமனுக்குத் தூசி.

தூசிக்குள் இரண்டு கண்கள் சிமிட்டின.

"கூப்டீங்களா சார்?" பணிவான, காய்ந்த குரல். "ஜாபர் அலிங்க. நகல் தேடித் தர்றோம், இங்கயே உக்காருன்னாங்க. உக்காந்துகினு கீறேன்."

அவர் எழுந்தார். தூசி உதிரவில்லை. தோல் உதிர்ந்தது.

"ஆயிடுச்சா சார்? ஊட்ல தனியா கீறாங்க."

பக்கத்து முழங்கால்கள் நிமிர்ந்தன. எல்லாம். அவனை நோக்கி. நம்பிக்கையோடு.

உங்கள் மனைவி வெளியே இருக்கிறார் என்று சொல்லிவிடலாம். சொன்னால் இது வெளியே நடந்து வரும். இந்தக் காலோடு. இந்த முகத்தோடு. பின்னாலேயே மற்றவர்களும். அந்த அம்மா பார்ப்பார்.

செபாஸ்டியன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பரிசீலனையில் இருக்குங்க."

"நல்லதுங்க சார்."

ஒவ்வொருவராக உட்காரும் சத்தம், அவன் கதவைப் பூட்டும்வரை கேட்டது.

வீரராகவன் டார்ச்சை மட்டும் வாங்கிக்கொண்டார். சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

வராந்தாவில் வஹீதுன்னிசா நிமிர்ந்து பார்த்தார். "இன்னா தம்பி?"

செபாஸ்டியன் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டான். "கொஞ்ச நேரம் ஆகும்மா" என்றான்.

"பரவால்ல. நான் இருக்கேன்."

அவருடைய ரவிக்கைக் கையிலிருந்து காகிதம் அரிக்கும் வெள்ளைப் பூச்சி ஒன்று வெளியே வந்தது. கழுத்தேறியது. காதுக்குள் நுழைந்தது. பிறகு இன்னொன்று.

அவர் தட்டிவிடவில்லை. மடியில் இருந்த கைகளின்மேல் அதற்குள் தூசி படிந்திருந்தது. சிரித்த முகமாக, அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.