நடை வேகம்

சின்னப்பனின் வேன் செம்பனைத் தோட்டத்துப் பாதையில் குலுங்கிக் குலுங்கி அவன் வீட்டு வாசலில் நின்றபோது மழை இன்னும் தொடங்கவில்லை. சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் என் வொர்க்‌ஷாப்பிலிருந்து என்னை ஏற்றி வந்தவன், வழியெல்லாம் ஒரே புலம்பல்.

"காந்தண்ணே, குரூஸ் கன்ட்ரோல் தானா ஆன் ஆவுது. சுவிட்சுல பச்சை லைட் வரும். அப்புறம் ஆள் நடக்குற மாதிரிதான் வண்டி போவும். எவ்ளோ மிதிச்சாலும் ஏறாது லா."

"இப்போ நல்லாத்தானே வந்துச்சு?"

"சில நேரந்தான் செய்யுது. போன வாரம் பாட்ரீசியா பின்னாடி படுத்துத் தூங்கிட்டு வந்தா. அன்னிக்கும் இதே கூத்து."

எனக்குச் சிரிப்பு வந்தது. குரூஸ் கன்ட்ரோல், பெடலிலிருந்து காலை எடுத்தாலும் வேகத்தைப் பிடித்து வைத்திருக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. மிதித்தால் அதையும் மீறி வண்டி போகத்தான் வேண்டும். நடை வேகத்தில் அது ஆன் ஆகவே ஆகாது. பேய் பிடித்த வண்டி என்று என்னிடம் வந்தவை எத்தனையோ. பிரித்துப் பார்த்தால் எல்லாப் பேயும் அறுந்த ஒயர்தான்.

பின்கதவைத் திறந்தேன். உள்ளே நீளவாக்கில் ஒரு பெஞ்சு. தரையில் நீளக் கம்பிகளைக் கழற்றிய தடம், அடைத்த ஓட்டைகள். ஊதுபத்தியும் அழுகிய ரோஜாவும் கலந்த வாடை மூக்கில் ஏறியது.

"தம்பி, இது சவ வண்டிதானே?"

அவன் வீட்டுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "முன்னாடி மலாக்காவுல ஓடுனதுண்ணே. பாட்ரீசியாகிட்ட சொல்லிடாதீங்க."

அவனைத் திட்ட வாயெடுத்தேன். அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து அவன் மனைவி பாட்ரீசியா அலறினாள்.

அவர்களின் ஒரே பிள்ளை ஸ்டெஃபனி, சின்னப் பெண். ஆஸ்துமாக்காரி. தரையில் கிடந்தாள். நெஞ்சு குழி விழுந்து விழுந்து எழும்பியது. மருந்துப் பம்பை அழுத்தி அழுத்திப் பார்த்த பாட்ரீசியா அதை வீசி எறிந்தாள். ஆம்புலன்ஸ் வேறு கேஸுக்குப் போயிருக்கிறது, காத்திருங்கள் என்று போனில் பதில் வந்தது. பிள்ளையின் உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. எப்படிக் காத்திருப்பது?

பிள்ளையின் கால்களை நான் பிடித்தேன், தோளைச் சின்னப்பன். நான் முன்னால் போக, வாசலைத் தாண்டி அப்படியே பின்கதவு வழியாக ஏற்றினோம். பெஞ்சில் நீட்டிப் படுக்கவைத்தோம். கால் டிரைவர் பக்கம், தலை பாட்ரீசியாவின் மடியில்.

வண்டி கிளம்பியதும் மழை கொட்டியது.

முதல் வளைவில் சுவிட்சில் பச்சை விளக்கு எரிந்தது.

வேகம் இறங்கியது. சின்னப்பன் பெடலைத் தரையோடு மிதித்தான். இன்ஜின் சத்தம் கொஞ்சமும் ஏறவில்லை. பிரேக்கை மிதித்தான். குரூஸ் அதிலேயே விடுபட வேண்டும். விடவில்லை. வேன் சீராக ஊர்ந்தது.

"அண்ணே, ஏதாச்சும் செய்யுங்கண்ணே!"

பியூஸைப் பிடுங்கினேன். விளக்கு அணையவில்லை. கட்டரை எடுத்து ஒயர்களை நறுக்கி, சுவிட்சையே கழற்றிவிட்டேன். நான் உட்கார்ந்திருந்த முன்சீட்டைத் தூக்கினேன். அடியில்தான் இன்ஜின். குரூஸின் கேபிளையும் கொக்கியிலிருந்து விடுவித்தேன். இனி அந்த வண்டியில் குரூஸ் கன்ட்ரோல் என்ற ஒன்றே இல்லை.

என் கையில் கிடந்த சுவிட்சில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

வெட்கமில்லாமல் சொல்கிறேன், முருகா என்று வாய்விட்டுக் கூப்பிட்டேன். சுவிட்சைச் சட்டைப் பையில் திணித்தேன்.

"முன்னாடி யாருங்க நடக்குறது?" பாட்ரீசியாவின் குரல் உடைந்தது. "ஹார்ன் அடிங்க!"

வைப்பர் மழைநீரைத் தள்ளிய நொடியில் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, வெறுங்கால். முதுகைக் காட்டியபடி ஒரு மனிதர் பாதையின் நடுவே நடந்துகொண்டிருந்தார். சின்னப்பன் ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

அவர் திரும்பவில்லை.

அவர் நடையின் வேகம்தான் எங்கள் வேகம்.

எத்தனை சாவு ஊர்வலங்களில் நானே அப்படி வண்டிக்கு முன்னால் நடந்திருக்கிறேன்! அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"தம்பி, அன்னிக்கு பாட்ரீசியா படுத்திருந்தப்ப காலு எந்தப் பக்கம்?"

"எம் பக்கந்தாண்ணே. ஏன்?"

எங்கள் வீடானாலும் அவர்கள் வீடானாலும், செத்தவரைத்தான் கால் முன்னால் போகக் கொண்டுபோவோம். பிள்ளையை நாங்கள் அப்படித்தான் தூக்கி வந்தோம். காலைப் பிடித்து முன்னால் நடந்தவன் நானேதான்.

சீட்டைத் தாண்டிப் பின்னால் குதித்தேன். "புள்ளயத் தூக்கி உக்கார வைம்மா!"

"அவளால முடியாதுண்ணே, தலை நிக்கல!"

"தூக்கும்மா!"

தோளைத் தூக்கினோம். உடல் அசைந்தது, கால் அசையவில்லை. பெஞ்சில் அறைந்து வைத்ததுபோலக் கிடந்தது. அவளுடைய இரண்டு கால் கட்டை விரல்களும் ஒன்றோடொன்று இறுகியிருந்தன. பிணத்துக்குக் கட்டுவோமே, அதுபோல. கட்டு மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. பிரித்துப் பார்த்தேன். பிரியவில்லை.

"ஏசுவே, எம்புள்ளய விட்ரு, என்னை எடுத்துக்க" என்று பாட்ரீசியா அழுதாள். பிள்ளையின் நெஞ்சு எழும்புவது நின்றுபோனது.

கட்டரை விரல்களுக்கு நடுவே, வெறும் காற்றில் வைத்து அழுத்தினேன்.

டக்.

எதுவோ அறுந்தது.

பிள்ளையை வாரி எடுத்து, முகம் முன்பக்கம் பார்க்க நிமிர்த்தி உட்காரவைத்தேன். நீண்ட இழுப்போடு ஒரு மூச்சு உள்ளே போனது. அதே நேரம் வேன் உறுமிக்கொண்டு பாய்ந்தது. அந்த மனிதர் மேல் ஏறியிருக்க வேண்டும். எதுவும் மோதவில்லை. திரும்பிப் பார்த்தேன், மழை மட்டும்தான்.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள் காலைப் பார்த்துவிட்டுச் சின்னப்பனைக் கடிந்துகொண்டாள். "யாரு இவ்ளோ டைட்டா கயிறு கட்டுனது?" கட்டை விரல்களைச் சுற்றி ரத்தம் கட்டிய சிவப்பு வளையம்.

பாட்ரீசியா போர்வையை இழுத்துப் பிள்ளையின் காலை மூடினாள்.

மறுவாரமே வேனைப் பழைய இரும்புக்குப் போட்டோம். நசுக்கி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றிருந்தேன். அந்தச் சுவிட்ச் என் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. ஒயர் இல்லாத சுவிட்ச் என்ன செய்துவிடும் என்று வொர்க்‌ஷாப் மேசையில் போட்டுவைத்தேன்.

நேற்று மதியம் சாப்பிட்ட களைப்பில், வாசல் பக்கம் காலை நீட்டிப் பெஞ்சில் சற்றுச் சாய்ந்தேன். நன்றாகவே தூங்கிப்போனேன்.

விழித்தபோது வாசல் பக்கம் ஊதுபத்தி வாடை. மேசையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எழுந்து உட்கார்ந்து காலைப் பார்த்தேன். கட்டை விரல்களைச் சுற்றிச் சிவப்பு வளையம்.