நாலு நாலு ஒன்று ஏழு

ஹபீபா குடையை வாசலில் வைக்கத் தோன்றாமல் கையோடு கொண்டுவந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அதிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் ஓடியது. சாய்நாத் எழுந்துபோய் அதை வாங்கி ஓரமாகச் சாத்தினான்.

கிங்ஸ் சர்க்கிளில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். விஜயலக்ஷ்மி இருபத்தாறு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக விபத்து வண்டிகளைப் பரிசோதித்தவர். இப்போது தனியாக விசாரணை செய்கிறார். கார் ஷோரூமில் சர்வீஸ் வேலை போன பிறகு, நாற்பத்தொரு வயதில் அவரிடம் வந்து சேர்ந்தவன் சாய்நாத். எதையும் தானே முதலில் கண்டுபிடித்துச் சொல்லிவிட வேண்டும் என்று துடிப்பவன்.

"எங்க வீட்டுக்காரவுக பேரு அபுதாஹிர், மேடம்," என்றாள் ஹபீபா. "மாட்டுங்காவுல பஞ்சாபகேசன் ஐயாட்ட பத்தொம்போது வருசமா டிரைவரா இருக்காவ. ஆடிக் கிருத்திகை அன்னைக்கு வெள்ளன, செம்பூர்ல ஒரு இட்லிக்காரர வண்டி அடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டு. ஆளு அங்கனயே மவுத்து. இவுகதான் அடிச்சதுன்னு கேசு. இவுகளும் ஆமாங்காவ."

"ஒத்துக்கிட்டாரா?"

"எழுதியே குடுத்துட்டாவ. அணுசக்தி நகருக்கு ஐயாவோட கம்பெனி பார்சல் கொண்டு போற வழியில, கொட்டுற மழையில, வண்டி ஒருக்கா தடக்குன்னு குலுங்கிச்சாம். பள்ளம்னு நெனச்சு நிக்காமப் போயிட்டாவளாம். சாயங்காலம் போலீசு வந்து விசயத்தச் சொன்னதும் அப்பிடியே சுவத்துல சாஞ்சுட்டாவ. ஜாமீன்ல வரலாம்னு வக்கீலு சொல்லுதாரு. வரமாட்டேங்காவ. இருபத்தோரு நாளாச்சு. செத்துப்போன சுடலைமுத்து எங்க தாராவி ஆளுதான். அவரு சைக்கிள நிப்பாட்டி எத்தன நாளு இட்லி வாங்கித் தின்னுருப்பாவ."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நாயி குறுக்க வந்தாலும் இறங்கிப் பாக்குற மனுசன், மேடம். எனக்கு அதுதான் தெரியும். வேற ஒண்ணும் தெரியாது."

போலீஸ் எப்படி அவரைப் பிடித்தது என்று விஜயலக்ஷ்மி கேட்டார்.

"கோயில் ரோட்டுல பூ விக்குத ஒரு அம்மா நம்பரப் பாத்துருக்கு. நாலு நாலு ஒண்ணு ஏழு. கூட்டினா ஏழு வருதுன்னு ஐயா எப்பவும் அதே நம்பருதான் கேட்டு வாங்குவாவ. கம்பெனி வண்டி, வீட்டு வண்டி, ரெண்டும் வெள்ள. ரெண்டுக்கும் அதான் நம்பரு, முன்னால உள்ள எழுத்துதான் வேற. போலீசு போன் போட்டதும், கம்பெனி வண்டிதான் அந்தப் பக்கம் போச்சுன்னு ஐயா சொல்லிட்டாவ."

விஜயலக்ஷ்மி அதைக் குறித்துக்கொண்டார். சாய்நாத்துக்குக் குறித்துக்கொள்ள எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் இருவரும் செம்பூர் காவல் நிலையத்தின் பின்புறம் நிறுத்தியிருந்த கம்பெனி வண்டியைப் பார்த்தார்கள். சாய்நாத் சேற்றில் முட்டி போட்டு, வண்டியின் அடியில் தலையை விட்டுப் படம் எடுத்தான். முன் பம்பரின் அடிப்பாகம் ஓரடி நீளத்துக்குச் சிராய்ந்திருந்தது. சிராய்ப்பில் தார்த் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"மேடம், இது பள்ளத்து விளிம்பு. ஆளை அடிச்சா அடிபடறது பானட்டு, லைட்டு, கண்ணாடி. இங்க எல்லாம் பழசு, எல்லாம் முழுசா இருக்கு. அவர் அடிக்கவே இல்லை."

"எனக்கும் அப்படித்தான் தோணுது. ஆனா லேசா தட்டினாலும் தலை கல்லுல பட்டு ஆள் போகலாம்னு கோர்ட்டுல சொல்லுவாங்க. அவரே ஒத்துக்கிட்டிருக்கார்."

விஜயலக்ஷ்மி வண்டியின் பின்பக்கம் போய் நம்பர் பலகையை டேப்பால் அளந்தார். ஐம்பது சென்டிமீட்டர் நீளம், பன்னிரண்டு உயரம். வண்டி வாங்கும்போதே ஷோரூமில் மாட்டிக் கொடுத்த பலகை. கழற்றினால் உடைந்துபோகும் பூட்டாணிகள் இரண்டும் துருவேறி அப்படியே இருந்தன. எழுத்தும் எண்ணும் ஒரே வரியில் ஓடின. இதைப் போய் ஏன் அளக்கிறார் என்று சாய்நாத் நினைத்தான், கேட்கவில்லை.

பூ விற்கும் பேச்சியம்மாள் அதே இடத்தில், நீல நிறத் தார்ப்பாயின் கீழே உட்கார்ந்து கதம்பம் கட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்காமலே பேசினாள்.

"வெளுப்பா ஒரு வண்டி. டமார்னு சத்தம் கேட்டு நிமுந்து பாத்தேன். கொஞ்சம் தள்ளிப் போயி நின்னுச்சு. ஒரு மூச்சு நேரந்தான். பொறவு போயிட்டு. நின்னப்பதான் பின்னாடி நம்பரப் படிச்சேன்."

"முழுசாவா?"

"மேல இங்கிலீசு எழுத்துல்லா. அத நான் எங்கன கண்டேன். கீழ உள்ளதத்தான் படிச்சேன். நாலு நாலு ஒண்ணு ஏழு."

"கீழயா?"

"கீழதான். பெருசா இருந்துச்சு. அதுமேல லைட்டு அடிச்சுச்சு."

திரும்பி நடக்கும்போது சாய்நாத்தால் அடக்க முடியவில்லை. "மேடம், வண்டி நின்னுச்சுங்கறா இந்தம்மா. அபுதாஹிர் நிக்கவே இல்லைன்னு சொல்லியிருக்கார்."

"நல்லாப் பிடிச்சே. ஆனா போலீஸ் என்ன சொல்லும்? நிறுத்திட்டு ஓடினதை மறைக்கறான்னுதான் சொல்லும். அந்தம்மா இன்னொரு வார்த்தை சொன்னா. அது எழுதின வாக்குமூலத்துல இல்லை. நம்பரை மட்டும்தான் எழுதியிருக்காங்க."

என்ன வார்த்தை என்று அவர் சொல்லவில்லை.

சிறையில் அபுதாஹிரைப் பார்க்க இருபது நிமிஷம் கிடைத்தது. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்ற மனிதர் தன் சட்டைக்குள்ளேயே சுருங்கிப்போயிருந்தார். சாய்நாத் போனில் இருந்த படங்களைக் காட்டித் தார்த் துணுக்குகளை விளக்கினான். அவர் பார்த்தார், தலையை ஆட்டினார்.

"நீங்க நல்லதுக்குத்தான் சொல்லுதீங்க. ஆனா குலுங்கினது என் காலுக்குத் தெரியும், சார். நான் இறங்கிப் பாத்திருக்கணும். பாக்கல. பாத்திருந்தா அந்த மனுசன ஆஸ்பத்திரிக்காவது தூக்கியிருப்பேன்."

விஜயலக்ஷ்மி கம்பி வலைக்கு அருகில் வந்தார். பிறகு, "வீட்டு வண்டிக்குக் கடைசியா என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டார்.

கேள்வி அவருக்கு விசித்திரமாகப் பட்டிருக்க வேண்டும். ஆனாலும் வேலையைப் பற்றிய பேச்சு என்றதும் குரலில் கொஞ்சம் உயிர் வந்தது. "நம்பர் பலகை மாட்டினேன். பழைய வண்டிக்கெல்லாம் புதுப் பலகை மாட்டணும்னு கவர்மென்ட்டு சொல்லிட்டுல்லா. கிருத்திகைக்கு ரெண்டு நாளு முன்ன. பழசு நீளப் பலகை. அந்த வண்டி டிக்கில பலகை மாட்டுத குழி குட்டை. ரெண்டு பக்கமும் துருத்திக்கிட்டு நிக்கும். ஐயா வீட்டு மாமி சாமான் எடுக்கும்போது சேலை மாட்டி ரெண்டு தடவை கிழிஞ்சுட்டு. அதனால பின்னாடிக்கு நீளம் கம்மியானது கேட்டு மாட்டினேன். அதுவும் சட்டப்படி உள்ளதுதான். ரசீது மாமிட்ட இருக்கு."

"அதுக்கப்புறம் அந்த வண்டியை எடுத்தீங்களா?"

"இல்ல. மறுநாள் எனக்கு லீவு. அதுக்கு மறுநாளுதான் இது." அவர் கம்பி வலையில் விரல்களைக் கோத்துக்கொண்டார். "ஐயா நல்லாருக்காவளா? கண்ணு ஆபரேசனுக்கு நாள் குறிக்கணும்னு டாக்டர் சொன்னாரு. என்னாலதான் தள்ளிப்போவுது."

மாட்டுங்காவில் பஞ்சாபகேசனின் வீடு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. ஹபீபாவையும் அங்கே வரச் சொல்லியிருந்தார் விஜயலக்ஷ்மி. கீழே வளாகத்தில் வீட்டு வண்டி சாம்பல் நிறப் போர்வைக்குள் நின்றது. கிருத்திகையிலிருந்து வெளியே எடுக்கவில்லை, பேட்டரி போய்விட்டதாம் என்றான் காவலாளி.

விஜயலக்ஷ்மி போர்வையின் பின்விளிம்பை மட்டும் ஒரு முழம் தூக்கினார். "சாய்நாத், இதைப் படி."

புத்தம்புதிய பலகை. முப்பத்துநாலு சென்டிமீட்டர் நீளம், இருபது உயரம். நீளம் குறைந்ததால் எல்லாம் ஒரே வரியில் கொள்ளவில்லை. எழுத்துகள் மேல் வரியிலும், நாலு நாலு ஒன்று ஏழு கீழ் வரியிலும் இருந்தன.

சாய்நாத் இரண்டு முறை படித்தான். முதல் முறையாக எதையும் முந்திக்கொண்டு சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

மேலே பஞ்சாபகேசன் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து அவர்களை வரவேற்றார். எழுபது வயது, நெற்றியில் விபூதி. ஹபீபாவைப் பார்த்ததும் அவர் பார்வை ஜன்னல் பக்கம் போயிற்று. அவர் மனைவி அபயாம்பாள் ஹபீபாவின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டாள்.

"மாமி, புது நம்பர் பலகைக்கு ஒரு ரசீது இருக்காமே?" என்றார் விஜயலக்ஷ்மி.

"இருக்கே. என் புடவை ரெண்டு தரம் கிழிஞ்சுபோய் நான்தான் அபுதாஹிர்ட்ட சொன்னேன். சின்னதா அழகாப் பண்ணிண்டு வந்தான்." அலமாரியிலிருந்து காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். மாட்டிய தேதி, நேரம், பலகையின் அளவு, அதில் பொறித்த வரிசை எண், எல்லாம் அதில் இருந்தன.

"சார், நாலு சக்கர வண்டிக்குச் சட்டம் ரெண்டு அளவுப் பலகையை அனுமதிக்குது," என்று விஜயலக்ஷ்மி நிதானமாக ஆரம்பித்தார். "நீளமானது ஒரு வரி. குட்டையானது ரெண்டு வரி. கம்பெனி வண்டியில முன்னும் பின்னும் நீளப் பலகை. அதுல நம்பர் கடைசியில இருக்கும். கீழேன்னு ஒரு இடமே கிடையாது. பூக்காரம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது; மேல எழுத்து, கீழ நம்பர்னு கண்ணுல பட்டபடி சொன்னா. திரும்பக் கேட்டேன். அப்பவும் கீழதான்னா."

"அந்த மழையில அவ என்னத்தைக் கண்டா?" என்றார் பஞ்சாபகேசன்.

"நம்பரைச் சரியாத்தானே கண்டா? அதை வச்சுத்தானே அபுதாஹிரைப் பிடிச்சாங்க. அடிச்ச வண்டி கொஞ்ச நேரம் நின்னுச்சுன்னும் சொல்றா. அபுதாஹிர் நிக்கவே இல்லை. அவர் வண்டியில இருக்கறது பள்ளத்துச் சிராய்ப்பு. உங்க ரெண்டு வண்டியில, நம்பர் கீழ இருக்கறது கீழே போர்வை போட்டு நிக்கற வண்டிக்குத்தான். அதுவும் கிருத்திகைக்கு ரெண்டு நாள் முன்னாலேருந்துதான். அன்னிக்கு விடிகாலையில இந்த வீட்டுல அபுதாஹிர் இல்லை. மாமிக்கு வண்டி ஓட்டத் தெரியாது."

அபயாம்பாள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன்னா, டாக்ஸியில கோவிலுக்குப் போனேன்னேளே?"

பஞ்சாபகேசன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

"முப்பத்திரண்டு வருஷமா கிருத்திகை அபிஷேகம் நான் தவறவிட்டதில்லை. அவனை நானே பார்சலோட அனுப்பிட்டேன். டாக்ஸி கிடைக்கலை. இடது கண்ணுல புரை; ஓட்டப்படாதுன்னு டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சத்தம் கேட்டது. நிறுத்தினேன். கண்ணாடியில பார்த்தா மழைதான் தெரிஞ்சது. ஒண்ணுமில்லைன்னு என்னை நானே சமாதானம் பண்ணிண்டேன். திரும்பி வரச்சே அங்க கூட்டம். லைட்டும் உடைஞ்சிருந்தது."

"போலீஸ் போன் பண்ணினப்போ?"

"கம்பெனி வண்டின்னு வாயில வந்துடுத்து. அபுதாஹிர் மறுப்பான்னு நினைச்சேன். மறுத்தா நான் சொல்லிடறதுன்னு இருந்தேன். அவன் மறுக்கலை."

"மூணு வாரமா மறுக்கலை, சார்," என்றார் விஜயலக்ஷ்மி.

ஹபீபா எழுந்தாள். அவள் ஏதாவது கத்துவாள் என்று சாய்நாத் எதிர்பார்த்தான். அவளோ மெதுவாக, "உங்க கண்ண நெனச்சுத்தான் ஐயா அவுக உள்ள கெடந்து வெசனப்படுதாவ," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

அபயாம்பாள் உள்ளே சென்று, சலவைச் சட்டை ஒன்றை எடுத்துவந்து கணவர் மடியில் வைத்தாள். "போட்டுக்கோங்கோ. ஸ்டேஷனுக்கு நானும் வரேன்." அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தபடி இருந்தது, அவள் துடைக்கவில்லை.

பஞ்சாபகேசன் ஸ்டேஷனில் உண்மையைச் சொன்ன பிறகும் காகித வேலை முடிய ஐந்து நாள் ஆயிற்று. ஆறாம் நாள் சாய்நாத் ஹபீபாவோடு சிறை வாசலுக்குப் போனான். யார் ஓட்டியது என்று அபுதாஹிருக்கு வக்கீல் முன்பே சொல்லியிருந்தார். வெளியே வந்தவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்ஸியில் ஏறியதும், "வீட்டுக்கு வேண்டாம். சுடலைமுத்து வீட்டுக்கு விடச் சொல்லுங்க," என்றார்.

"இன்னொரு நாளு போலாம்," என்றாள் ஹபீபா.

"இன்னைக்கே போவோம்."

தாராவியில் டாக்ஸி நுழையாத சந்து. மூவரும் நடந்தார்கள். சுடலைமுத்துவின் வீட்டு வாசலில் இட்லிப் பானைகள் கவிழ்ந்து கிடந்தன. அவர் மனைவி வடிவு வாசற்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அபுதாஹிரைக் கண்டதும் முறத்தைக் கீழே வைத்தாள். செய்தி அவளுக்கும் வந்திருந்தது.

"உக்காருங்க," என்று ஒரு ஸ்டூலை நகர்த்தினாள். அவர் அதில் உட்காராமல் படிக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார். சந்தில் யாரோ தண்ணீர்க் குடத்தோடு அவர்களைத் தாண்டிப் போனார்கள்.

"இத்தன நாளும் வெளக்கு வச்சதும் உங்களத்தான் திட்டித் தீத்தேன்," என்றாள் வடிவு. "ஒங் குடும்பம் வெளங்காதுன்னு மண்ண வாரித் தூத்தினேன். செய்யாத மனுசன இப்படிச் சபிச்சுட்டேனே. என்னத்தச் சொல்ல."

அபுதாஹிர் தலையை அசைத்தார்.

"பரவால்லம்மா," என்றார். "நானும் உள்ள உக்காந்துக்கிட்டு அதையேதான் செஞ்சுட்டிருந்தேன்."