பெருமாள் உடைக்காத ஸ்டீயரிங்

பெருமாள் மெக்கானிக்குக்கு ஒரு சீக்கு உண்டு. எதையும் தூக்கிப் போட மாட்டான். தேய்ந்த பிரேக் லைனிங், மரை போன போல்ட், ஓட்டை விழுந்த ரேடியேட்டர், யார் வண்டியிலிருந்து வந்ததென்று அவனுக்கே மறந்துபோன கண்ணாடிகள் என்று, மலைமேல் வெள்ளக்கடை ரோட்டோரத்தில் இருந்த அவனுடைய தகரக் கொட்டகையில் ஆள் நிற்க இடமிருக்காது. கேட்டால், "என்னைக்காச்சும் உதவும்" என்பான். அவன் பொண்டாட்டி வெண்ணிலா, "உங்களையே ஒரு நாளைக்குப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடறேன் பாருங்க" என்று திட்டுவாள்.

சிரிக்கிற சமாச்சாரம்தான். ஆனால் அந்தச் சீக்குதான் கடைசியில் அவனை எமனோடு மல்லுக்கட்ட வைத்தது.

கார்த்திகை மாதம். மதியம் ரெண்டு மணிக்கே பனிமூட்டம் இறங்கி, எதிர்ப்பக்கத்து சவுக்கு மரங்கள் பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தன. மீனாட்சி ஒரு பழைய பிக்கப்பை உருட்டாத குறையாக ஓட்டிவந்து கொட்டகை வாசலில் நிறுத்தினாள். இறங்கியதும் உள்ளங்கை இரண்டையும் சேலையில் துடைத்துக் கொண்டாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஏனுங்கண்ணா, இந்த ஸ்டீயரிங்க மொதல்ல கழட்டுங்க. புதுசு நானே சேலத்துல வாங்கியாந்துட்டேன்" என்று சாக்கில் சுற்றிய ஒன்றை நீட்டினாள்.

அவளை மலையில் எல்லோருக்கும் தெரியும். ராமசாமி டிரைவரின் பெண்சாதி. ராமசாமி செத்து எட்டு மாதம். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் இதே வண்டியை ஓரங்கட்டி, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே மாரடைப்பில் போய்விட்டான். விரல்களைப் பிரித்தெடுக்க ரெண்டு ஆள் வேண்டியிருந்ததாம். நல்ல மனுஷன் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. செத்தவனைப் பற்றிக்கூட சொல்லவில்லை என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்.

வாழவந்திப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் பெண்கள் பன்னிரண்டு பேரைக் காலையில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திருப்பிக் கூட்டிவரும் வேலை இப்போது மீனாட்சிக்கு. லைசென்ஸ் எடுத்து அவளே ஓட்டினாள்.

"வளைவுல ஒடிச்சா திரும்ப மாட்டேங்குதுங்கண்ணா. பள்ளத்துப் பக்கமா இழுக்குது. நேத்து பின்னாடி பன்னெண்டு பேரும் அலறிட்டாங்க. இன்னைக்கு நான் வண்டி கொண்டுபோவலீன்னா எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டர் வேற ஆளைப் பார்த்துக்குவாரு. அதோட என் பொழப்பு முடிஞ்சுது."

"சக்கரத்தைத் திருப்பற ராடு எண்டு தேஞ்சிருக்கும் அம்மிணி. ஸ்டீயரிங் என்ன பண்ணும்?"

"பார்த்தாச்சுங்க. மெக்கானிக் காளியப்பன் அண்ணன் புது எண்டு போட்டாரு. அப்பவும் இழுக்குது." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அந்தாளு எப்பவும் சொல்லும். என் ஸ்டீயரிங்க வேற கை தொட்டா வண்டி பள்ளத்துக்குத்தான் போவும்னு."

பெருமாள் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

"கழட்டுனதும் அதை உடைச்சுப் போட்டுருங்கண்ணா. சுத்தியில அடிச்சுத் தூளாக்கிருங்க. சத்தியம் பண்ணுங்க."

"செரி அம்மிணி. ஆவட்டும்."

பேட்டரி வயரைக் கழற்றினான். ஸ்டீயரிங்கின் நடுவிலிருந்த ஹாரன் பட்டனை நெம்பி எடுத்து, அதன் வயரையும் பிரித்தான். உள்ளே ஒரு பெரிய நட்டு. ஸ்டீயரிங் எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் புதுசு உட்கார வேண்டும் என்பதற்காக, ஸ்டீயரிங்கைத் தாங்கும் தண்டின் தலையில் உளியால் ஒரு கோடு போட்டான். நட்டை லூஸாக்கினான். முழுசாகக் கழற்றவில்லை. நாலு மரை விட்டு வைத்தான். விவரமில்லாதவன் முழுசாகக் கழற்றிவிட்டு இழுப்பான், ஸ்டீயரிங் திடீரென்று விடுபட்டு மூஞ்சியில் அடித்துப் பல்லு போகும்.

இழுத்தெடுக்கும் புல்லரை மாட்டி முறுக்கினான். அசையவில்லை. இன்னும் முறுக்கினான். இரும்பு முனகியது. பச்சை நைலான் கயிறு சுற்றிய அந்த வளையத்திலிருந்து ராமசாமியின் பன்னீர்ப் புகையிலை வாசனை எழுந்து வந்தது. இப்போதுதான் யாரோ பக்கத்தில் மென்று கொண்டிருப்பது போல, ஈரமாக.

பாம். பாம். பாஆஆஆம்.

ஹாரன்.

பெருமாளின் கை நின்றது. பேட்டரி வயர் கீழே கிடந்தது. ஹாரன் வயர் அவன் மடியில் கிடந்தது.

வாசலில் மீனாட்சி எழுந்து நின்றுவிட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. "அந்தாளு ஊட்டுக்கு வர்றப்ப அடிக்கிறதுங்க. ரெண்டு சின்னது, ஒண்ணு பெருசு. பெருசு முடியறதுக்குள்ள நான் கதவத் தொறந்திருக்கோணும். இல்லீன்னா..." என்று இடது கையைத் தடவினாள். அது எப்போதோ ஒடிந்து கோணலாகச் சேர்ந்த கை.

"ரோட்டுல எந்த வண்டியோ போகுது அம்மிணி. பனியில தெரியல" என்றான் பெருமாள். தனக்கும் சேர்த்துத்தான் சொல்லிக் கொண்டான். பல்லைக் கடித்து ஒரு முறுக்கு முறுக்கினான். துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தத்தோடு ஸ்டீயரிங் விடுபட்டு நட்டில் போய் மோதியது. நாலு மரை விட்டு வைத்ததால் தாடை தப்பியது.

கையில் எடுத்தான். என்ன கனம்! அந்தக் காலத்து அசல் சாமான். இப்போது காசு கொடுத்தாலும் கிடைக்காது. ரிம்மில் ஒரு கீறல் இல்லை.

பார்த்தீர்களா, அங்கேதான் அந்தச் சீக்கு தலை தூக்கியது.

"நீங்க வெளிய இருங்க அம்மிணி, சில்லு தெறிக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். ராமசாமியின் ஸ்டீயரிங்கை சுவரில் நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் கம்பியில், நடு ஓட்டையைக் கோத்து மாட்டினான். ஒரு சாக்கை மேலே போட்டு மூடினான். மூலையில் கிடந்த வேறொரு உடைந்த ஸ்டீயரிங்கை எடுத்துத் தரையில் போட்டு சுத்தியால் அடி அடியென்று அடித்தான். அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் வெளியே மீனாட்சி விசும்புவது கேட்டது. அழுகையில்லை, விடுதலை. அதைக் கேட்டும் அவனுக்கு மனசு குத்தவில்லை. பாவி!

புதுசை உளிக்கோட்டுக்கு நேராக வைத்து நட்டை இறுக்கி, ஹாரனையும் பேட்டரி வயரையும் பூட்டிக் கொடுத்தான். மூன்றரை மணிக்கு அவள் கிளம்பிப் போனாள். போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கல்யாணமாகிப் பதினேழு வருசத்துல இன்னைக்குத்தானுங்கண்ணா நிம்மதியா மூச்சு வுடறேன்" என்றாள்.

பிக்கப்பின் சத்தம் பனிக்குள் கரைந்தது. பெருமாள் கை கழுவினான். முதுகுக்குப் பின்னால் சாக்கு சரிந்து விழும் சத்தம்.

திரும்பினான்.

சுவரில் ஸ்டீயரிங் சுற்றிக் கொண்டிருந்தது.

மெதுவாக, இடப்பக்கம் கால் சுற்று. பிறகு நேரானது. பிறகு வலப்பக்கம் அரைச் சுற்று. காற்று இல்லை. பெருமாளுக்கு அந்த ரோடு மனப்பாடம். கொட்டகையைத் தாண்டினால் இடது. மாதா சிலை இருக்கும் கெபியிடம் வலது. அடுத்து நேர் ரோடு.

நேராக நின்றது.

அங்கே மீனாட்சி ஓட்டிக் கொண்டிருக்கிறாள். இங்கே இது ஓடிக் கொண்டிருக்கிறது. நேர் ரோடு முடிந்தால் ஆரஞ்சுத் தோட்டத்து வளைவு. ரோடு இடப்பக்கம் மடங்கும். வலப்பக்கம் பள்ளம்.

ஸ்டீயரிங் வலப்பக்கம் திரும்பத் தொடங்கியது.

பாய்ந்து பிடித்தான். இரண்டு கையாலும் பிடித்து இடப்பக்கம் ஒடித்தான். அது இழுத்தது. மனுஷன் இழுப்பது போல, வெறியோடு, தம் பிடித்து இழுத்தது. நைலான் கயிற்றைப் பிடித்திருந்த அவன் விரல்கள் மேல் வேறு விரல்கள் இறுகின. ஜில்லென்று இருந்தன. காதோரம் புகையிலை வாசனை.

"கையை எடுறா."

"சேர்வராயா!" என்று மலைச்சாமியைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டு உடம்பின் மொத்தக் கனத்தையும் இடப்பக்கம் சாய்த்தான். தோள்பட்டையில் ஏதோ அறுந்தது. திரும்பி, திரும்பி, கடைசியில் வளைவு முடிந்து, ஸ்டீயரிங் நேரானது.

பத்து நிமிடம் கழித்துத்தான் அது அசைவற்று நின்றது. உடனே போன் அடித்தது.

"எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்துட்டனுங்கண்ணா! பூவாட்டம் திரும்புது. ஆரஞ்சுத் தோட்டத்துல மட்டும் ஒரு இழுப்பு. அப்பறம் யாரோ கூட இருந்து புடிச்ச மாதிரி செரியாயிருச்சு."

வண்டி நிற்கிறது, இதுதான் சமயம் என்று சுத்தியை எடுத்து, போன் காதில் இருக்கும்போதே, ரிம்மின் மேல் ஓங்கி ஒரு போடு போட்டான்.

"ஐயோ அம்மா!" என்று போனில் மீனாட்சி அலறினாள். "கையி... அண்ணா, எம் மணிக்கட்டு... என்னமோ அடிச்ச மாதிரி..."

சுத்தி நழுவி விழுந்தது. ரிம்மில் ஒரு கீறல் இல்லை. கழற்றிய உடனே, அவள் சொன்னபோதே, உடைத்திருந்தால் ஒருவேளை உடைந்திருக்கும். இப்போது அது பிடிக்க வேண்டிய மீனாட்சியின் கையையே பிடித்துக் கொண்டுவிட்டது.

"கைய உதறிட்டேன், பரவாயில்லீங்க. பொம்பளைங்க ஏறிட்டாங்க, கெளம்பறேன்" என்று அவள் போனை வைத்தாள். பெருமாள் ஓடிப்போய் ஸ்டீயரிங்கைப் பிடித்துக் கொண்டான். பதிமூன்று உயிர்.

அன்றிலிருந்து காலை ஏழு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் அவன் கொட்டகை பூட்டியிருக்கும். உள்ளே அவன் சுவரைப் பார்த்து நின்று வண்டி ஓட்டிக் கொண்டிருப்பான். சேர்வராயன் கோயில் குங்குமத்தைக் கொண்டுவந்து அதற்கு வைத்தான். மறுநாள் அது கரியாகக் கிடந்தது. விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட, ராத்திரி வெண்ணிலா வெந்நீர் ஒத்தடம் கொடுத்து ஒவ்வொன்றாகப் பிரிப்பாள். "அப்படி என்னத்தைங்க புடிச்சீங்க?" என்று அழுவாள். எப்படிச் சொல்வான்? சொன்னால் மீனாட்சி அந்த வண்டியைத் தொடமாட்டாள். பொழைப்பு போகும். தன் பொய்யும் சந்தி சிரிக்கும்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, என்ன ஆனாலும் சரி, சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். ஞாயிறு எஸ்டேட் லீவு. காலை பத்து மணி. சர்ச் மணி ஓய்ந்திருந்தது. கொட்டகையைத் திறந்து உள்ளே வந்து போனை எடுத்தான்.

சுவரில் ஸ்டீயரிங் சுற்றிக் கொண்டிருந்தது.

அவளைக் கூப்பிட்டான். "அம்மிணி, எங்க ஓட்டிட்டுப் போறீங்க?"

"நானுங்களா? ஊட்லதானுங்கண்ணா இருக்கேன். சோறு ஆக்கிட்டிருக்கேன்."

"வண்டி?"

"வாசல்லதான நிக்குது. சாவி எங்கிட்ட இருக்குதுங்க."

பெருமாள் ஸ்டீயரிங்கைப் பிடித்தான். இந்தத் தடவை அது இழுக்கவில்லை. அவன் கைக்குள்ளேயே சாவகாசமாகத் திரும்பியது, வீட்டுச் சந்துக்குள் வண்டியைத் திருப்புகிற மாதிரி. பிறகு நின்றது.

போனில், தூரத்தில், கேட்டது.

பாம். பாம்.

"அம்மிணி! நான் சொல்றதக் கேளுங்க. கதவத் தொறக்காதீங்க. நான் அதை உடைக்கல. அன்னைக்கு நான் உடைச்சது வேற..."

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று கீழே விழுந்தது. அப்புறம் காலடிகள். பதினேழு வருஷம் பழகிய கால், மூன்றாவது ஹாரன் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்று ஓடுகிற கால்.

பாஆஆஆம்.

தாழ்ப்பாள் விலகும் சத்தம் பெருமாளுக்குத் தெளிவாகக் கேட்டது.